பிரித்துப் பார்த்த பரிசு

1

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாம் மாடி. சிப் தயாரிப்பில் கூட்டாளிகளாக இரண்டு வல்லரசுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பரிசுகள் கைமாறின.

இதற்கு மேல் எல்லாம் விமான நிலையத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது. எவ்வளவு உண்மையோ தெரியாது. அதனால்தான் கதையாக எழுதுகிறேன்.

2

அவள் ஒரு விளக்கை உடைத்தாள், அதோடு இரு நாட்டு உறவும்... [வேண்டாம். அவள் எதையும் உடைக்கவில்லை.]

கொடுத்த பரிசு ஒரு கடிகாரம். எதிர்த்தரப்பிலிருந்து வந்த பரிசு, கேட்டால் பதில் சொல்லும் மேசை விளக்கு. உள்ளே அவர்களுடைய சிப். எந்தப் பரிசும் முதலில் அடித்தளத்து ஆய்வறைக்குப் போகும். ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். எதிர்த்தரப்பும் அப்படித்தான். இருவருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. (நாகரிகம் என்பதற்கு அந்தத் துறையில் இதுதான் பொருள்.)

ஆய்வறைப் பொறியாளர் பிரித்தாள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. திரும்பப் பொருத்தினாள். விளக்கு வாயைத் திறக்கவில்லை.

3

வியாழக்கிழமை அவர்களுடைய தூதர் அமைச்சரைப் பார்க்க வருகிறார். அதற்குள் விளக்கு பேசாவிட்டால் அவளுக்கு ஆய்வறை இல்லை, உபகரணக் கிடங்குதான். அவர்களுடைய தூதரகத் தொழில்நுட்பரிடம் கேட்டுவிடலாமா என்றாள். பரிசுகளுக்குப் பொறுப்பான அதிகாரி தலையாட்டவில்லை.

"கேட்டா, பிரிச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிம்மா."

"அவங்களும் நம்ம கடிகாரத்தைப் பிரிச்சிருப்பாங்க சார்."

"பிரிச்சிருப்பாங்க. கேட்டாங்களா?"

இந்த அதிகாரியை முதல் பிரதியில் கோழையாக எழுதினேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

4

[இங்கே ஒரு காதலை நுழைக்கலாம். அவளுக்கு நேரமில்லை.]

அமைச்சகத்தின் எல்லா அழைப்புகளும் பதிவாகும் என்று தெரிந்தே தூதரகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். விளக்கு கீழே விழுந்துவிட்டது என்றாள். மறுமுனையில் தொழில்நுட்பர் சொன்னார்:

"உங்க கடிகாரமும் இங்க விழுந்துடுச்சுங்க. விழுந்ததுல நாலு ஸ்க்ரூ மிச்சமா நிக்குது."

அவள் ஸ்க்ரூக்களின் இடத்தைச் சொன்னாள். அவர், மூடியைத் திறந்தால் சிப் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லி, திறக்கும் எண்ணைக் கொடுத்தார். எத்தனையோ சுற்றுப் பேச்சுவார்த்தையில் நடக்காத தொழில்நுட்பப் பரிமாற்றம் அது. வியாழக்கிழமை விளக்கு தூதருக்கு வணக்கம் சொன்னது.

5

முடிவு (அ): பதிவை யாரும் கேட்கவில்லை.

முடிவு (ஆ): கேட்டார்கள், சிரித்தார்கள், அவளுக்கு...

இரண்டையும் அடித்துவிட்டேன். கடிகாரத்தைப் பிரித்த தொழில்நுட்பர் என்ன ஆனார் என்பது எனக்குத் தெரியாது; அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதிவைக் கேட்டுவிட்டு அவளை ஏப்ரலில் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது.