தூணுக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடையாறு பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. கீழே தூணில் மோதிப் பிரிந்த தண்ணீர் பின்னால் சுழித்தது. சுழிக்குள் ஒற்றைச் செருப்பு.*

முதல் வரி: 'இஃப்ரா ஆற்றை வெறித்துப் பார்த்தாள், அவள் மனத்திலும் ஒரு சுழி—'
[சீ, வேண்டாம்.]

2
வெறிக்க அவளுக்கு நேரம் ஏது? எம்.டெக். கடைசி செமஸ்டர். பாலத்தூணைச் சுற்றி ஆறு எப்படி ஓடும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறாள். மத்தியானம் பேராசிரியர் முன்னால் ரிவ்யூ. தேறாவிட்டால் கேம்பஸில் கிடைத்த வேலை போச்சு.

முழு ஆறும் கணினிக்குள் அடங்காது. ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதன் ஓரங்களில் தண்ணீர் எப்படி நுழையும், எப்படி வெளியேறும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். எல்லை நிபந்தனை என்பார்கள். சீக்கிரம் முடியட்டுமே என்று வெளியேறும் எல்லையைத் தூணை ஒட்டியே வைத்துவிட்டாள் மகராசி.

கூடப் படிக்கும் பாலு திரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா இஃப்ரா, வெளிய போன தண்ணி திரும்பி உள்ள வந்துகினு கீது?"

"பேசாதே பாலு, அழுதுடுவேன்." அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். "சுழி சுத்தி முடிக்க இடமே விடலையே நான்!"

3
நான் முதலில் எழுதிய முடிவு: 'ஒரே கைதட்டல். அவளைப் பெற்ற அம்மி ஜமீலுன்னிசா தி. நகர் வீட்டில் பிரியாணிக்கு அரிசி—'

அடித்துவிட்டேன். நானும் கதைக்குத் தூணை ஒட்டியே வாசல் வைத்திருக்கிறேன்.

இஃப்ரா எல்லையைத் தூரத் தள்ளினாள். கணக்கு மறுபடி முதலிலிருந்து. கணினி திணறியது.

"ரிவ்யூக்குள்ள முடியாது, சொல்ட்டேன். பழைய படத்தையே காட்டிடேன். அழகாத்தானே கீது?" என்றான் பாலு.

"பாதிப் படத்தைக் காட்டுவேன். பொய்ப் படத்தைக் காட்ட மாட்டேன்."

அடி என் தங்கமே! [பாலுவுக்கு ஒரு வரிதான் கொடுப்பதாக இருந்தேன். போக மாட்டேன் என்கிறான்.]

4
பேராசிரியர் பரத்வாஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முடிவு எங்கேம்மா?"

இஃப்ரா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "ஓடிக்கிட்டிருக்கு சார். நீங்களே பாருங்க."

தூணை விட்டுப் பிரிந்த சுழி ஆடி அசைந்து எல்லை வரை வந்தது. திரும்பாமல் வெளியே போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தேறினாளா? வெளியேறும் எல்லையில் அவள் எதையும் பிடித்துவைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மார்க்கைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். கதவுக்கு வெளியே பாலு நகம் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

* இடது கால் செருப்பு. கதைக்குத் தேவையில்லை, அடிக்க மனசு வரவில்லை.