உண்மையான கல்யாணம்

விண்ணப்பம் போட்டுப் பதினோராவது மாதத்தில்தான் அந்த மனிதர் வந்தார்.

தாரிகா பொரளையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரி எடுக்கும் வேலை பார்த்தாள். அன்று வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வர ஆறு மணியாகிவிட்டது. கதவுக்கு வெளியே மினுக்கிய கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது. உள்ளே அப்பா தில்லைநாதன், வீட்டில் எப்போதும் உடுத்தும் சாரத்தை மாற்றி நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு, கதிரை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, இவர் உன்ர கனடா விசா விஷயமா வந்திருக்கிறார்."

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் பட்டி தொங்கியது; அதன் நுனியில் இருந்த அட்டை சட்டைப் பைக்குள் கிடந்தது. மடியில் ஒரு மஞ்சள் பைல்.

"சிவக்கொழுந்து," என்றார். "நாங்கள் வெரிபிகேஷன் செய்யிற ஆக்கள். இருங்கோ."

சொந்த வீட்டிலேயே தன்னை இருக்கச் சொல்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் பைலைத் திறந்து அவளது விண்ணப்ப இலக்கத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தார். அவள் இருந்துவிட்டாள்.

ராகுலனை அவள் கட்டி ஒன்றரை வருடம். உறவுக்காரர் பேசிச் செய்த கல்யாணம். அவன் டொரொன்டோவில் இருந்து வந்து, பதிவு எழுத்தும் தாலியும் முடித்து, இருபத்திநாலு நாள் நின்றுவிட்டுப் போனான். விசா கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இது உண்மையான கல்யாணமா என்பதைத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மேல்மாடியில் இருந்த பெண்ணுக்கு, கணவனின் வேலை நேரத்தைப் பிழையாகச் சொன்னதால் மறுத்துவிட்டார்கள் என்றொரு கதை இருந்தது. அதைக் கேட்டதில் இருந்து தாரிகா ராகுலனின் வீதிப் பெயர், கார் இலக்கம், எந்தப் பல்லுக்கு அடைப்புப் போட்டான் என்பதுவரை பாடமாக்கி வைத்திருந்தாள்.

சிவக்கொழுந்து அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"எத்தினை மணிக்கு வேலை முடியும்?"

"அஞ்சுக்கு."

"இப்ப ஆறு."

"பஸ் நெரிசல்."

"ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலதானோ? ஒருநாளும் வேற ஆரோடையும் வந்ததில்லையோ?" அவர் பேனையை மூடி வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு சின்னப் பொய் எண்டாலும் பைல் நிண்டுபோகும்."

அவள் யோசித்தாள். "ஜூன் மழைக்கு ஒருநாள் பொரளையில வெள்ளம். பஸ் ஓடேல்லை. என்னோட வேலை செய்யிற நப்ரீஸ் எண்டவர் பைக்கில கொண்டுவந்து விட்டவர்."

"ரெயின்கோட் ஆர் போட்டது?"

"எனக்குத் தந்தவர்."

அவர் அதை எழுதினார். பிறகு அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கட்டிலைப் படம் எடுத்தார். அலுமாரியைத் திறந்து, உடுப்புகளை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தார். அவளது போனை வாங்கி, நின்றபடியே இருபது நிமிடம் குறுந்தகவல்களைத் தள்ளித் தள்ளி வாசித்தார். அப்பா வாசலில் கைகட்டி நின்றார்.

போகும்போது அவர் சொன்னார்: "நான் வந்ததை ஸ்பொன்சரிட்டை, அதுதான் உங்கட அவரிட்டை, சொல்ல வேண்டாம். ரெண்டு பேரின்ர பதிலும் தனித்தனியா வரோணும். கதைச்சு ஒத்துவைச்சால் எங்களுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் இடைக்கிடை தொலைபேசியில் எடுத்தார். "இண்டைக்கு ஏன் இருபது நிமிஷம் லேட்?" என்பார். "வியாழக்கிழமை மத்தியானம் ஆரோட சாப்பிட்டனீங்கள்?" என்பார். ஒருநாள் ஆய்வுகூடத்துக்கு எதிரே பஸ் தரிப்பில் அவர் நின்றதை அவள் கண்டாள். அவர் கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த கணம், ஆள் வந்து பார்க்கிறார்கள் என்றால் பைல் நகர்கிறது என்ற நினைப்பில் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பின்னாளில் அவள் வெட்கப்பட்டாள்.

ராகுலன் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கு எடுப்பான். அவனுக்கு அது முதல்நாள் இரவு ஒன்பது மணி. பதமாகத்தான் கதைப்பான். ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை, இஞ்சியைத் தட்டிக்கொண்டே அவள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கை மழையாமே," என்றான்.

"ஓம், நல்ல மழை."

"மழை எண்டாலும் ஆக்களின்ர பைக்கில ஏறாதையும். ஓட்டோ பிடிச்சு வாரும், என்ன?"

"சரி," என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அவளது கை நின்றது. பைக்கில் வந்ததை அவள் ராகுலனுக்குச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது அவளுக்குப் படவில்லை. நப்ரீசுக்கு ராகுலனைத் தெரியாது. அந்த மழைநாள் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த மஞ்சள் பைலில்.

அன்று மத்தியானம் அவள் ஷஹீமாவிடம் சொன்னாள். ஷஹீமா அவளோடு வேலை செய்பவள், கொட்டாஞ்சேனைக்காரி. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவள் அப்படியே மூடினாள்.

"கனடாவால ஊட்டுக்கு ஆள் வாரயா? என்ட மச்சிக்கும் விசா வந்ததானே, ஒருத்தரும் வரல்ல. சந்தேகம் ஈந்தா இன்டர்வியூக்குக் கூப்பிடுவாங்க. அலுமாரியத் தொறந்து பாக்க அவன் யாரு புள்ள?"

தாரிகா அங்கேயே சிவக்கொழுந்தின் இலக்கத்துக்கு எடுத்தாள்.

"உங்கட ஒஃபீஸ் எங்கை இருக்கு?"

ஒரு சிறு சிரிப்பு. "ஏன் தங்கச்சி, திடீரெண்டு?"

"அட்ரஸ் சொல்லுங்கோ."

இணைப்பு அறுந்தது. பின்னேரம் எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக்கூட வைக்காமல் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, அந்த மனிசனை ஆர் அனுப்பினது?"

தில்லைநாதன் செய்தியின் சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருடம் அரசாங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். நேராகக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் குறைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரமே பதிலாக இருந்தது.

"மருமோன்தான்," என்றார். "முதலே எனக்கு எடுத்துக் கேட்டவர். அங்கை கனபேர் ஏமாந்திருக்கினமாம். பொம்பிளையள் போய் இறங்கின உடன விட்டிட்டுப் போயிடினமாம். ஒருக்காப் பாத்தால் தனக்கு நிம்மதி எண்டார். எங்களிட்ட ஒளிக்க என்ன இருக்கு? வந்து பாக்கட்டும் எண்டனான்."

"அவன் என்ர அலுமாரியைத் திறக்கேக்க நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தார். அதில் யாரோ சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஆறரைக்கு ராகுலன் எடுத்ததும் அவள் நேராகக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. சிரித்தான்.

"கோவிக்காதையும். இஞ்ச எல்லாரும் செய்யிறதுதான். நீர் பாஸ். அந்தப் பைக் ஒண்டுதான். அதையும் நான் மன்னிச்சிட்டன்."

"மன்னிச்சிட்டியளோ?"

"ஓம். இனி அதைப் பற்றிக் கதைக்க மாட்டன்." குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. "இஞ்ச வாரும், எல்லாம் ஒழுங்கா வைச்சிருக்கிறன். வீட்டில எல்லா இடமும் கமரா இருக்கு, நீர் தனிய இருக்கப் பயப்படத் தேவையில்லை."

இரண்டு நாள் கழித்து விசா சரிவந்தது. 154ஆம் இலக்க பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் மின்னஞ்சலைத் திறந்தாள். முப்பது நாளுக்குள் கடவுச்சீட்டை ஒப்படைக்கும்படி எழுதியிருந்தது. பதினாலு மாதமாக அந்த வரி வரும் நாளில் தான் அழுவாள் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்க்கிறாளா என்று பார்த்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்பா ஊரெல்லாம் தொலைபேசியில் சொன்னார். அவருக்கு அது எல்லாம் சரியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி. தாரிகா கடவுச்சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். பதினெட்டாம் நாள் அவள் ராகுலனிடம் கேட்டாள்.

"நான் வந்தா வேலைக்குப் போகலாமோ?"

"பாப்பம். முதல் ஆறு மாசம் நீர் எப்பிடி எண்டு பாப்பம்."

"இன்னும் என்ன பாக்கக் கிடக்கு?"

"நான் நேரில பாக்கேல்லையே."

மறுநாள் அவள் விசா அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதினாள். விண்ணப்பத்தைத் தொடர விரும்பவில்லை. அனுப்பிவிட்டு அவனுக்கும் சொன்னாள். 

"சரி, தாரிகா," என்றான். "உனக்குத்தான் விசா எடுக்கிறது கஷ்டம். எனக்கு இலங்கைக்கு வர ஒன்லைன்ல அரை மணித்தியாலம் காணும்."

கட்டிய நாளில் இருந்து 'நீர்' என்றே கதைத்தவன் அவளை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

அவன் இன்னும் பத்து நாளில் வருகிறான் என்று அப்பாவுக்குத்தான் செய்தி வந்தது. அடுத்த மாதம் இருபத்திநாலாம் திகதி திரும்புகிறானாம். ஷஹீமா வேறு பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. தாரிகாவைக் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவையும் வரச் சொல்லித் தாரிகா கெஞ்சினாள்.

"மருமோன் வந்து இறங்கேக்க வீட்டில ஆள் இருக்கோணும்," என்றார் அவர். "நான் கதைச்சால் கேட்பார்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிபோல அப்பா எடுத்தார். குரல் குசுகுசுவென்றிருந்தது. குளியலறைக்குள் நின்று பேசுகிறார் என்று எதிரொலியில் தெரிந்தது.

"வந்திட்டார். நீ எங்கை எண்டு கேட்டவர்."

"சொன்னனீங்களோ?"

"இல்லை." மூச்சு வாங்கினார். "தெரியாது எண்டனான். நான் பொய் சொல்லுறன் எண்டு அவருக்குத் தெரியும், பிள்ளை. சிரிச்சவர். அவசரமில்லை மாமா, இருந்து பாக்கிறன் எண்டு சொல்லுறார். இப்ப உன்ர அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டார்."

ஷஹீமாவின் அண்ணன் இப்திகார் புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. அவர் காரை எடுத்தார். மூன்று பேருமாக வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் எடுத்தது. தாரிகா வழி முழுவதும் அப்பாவுக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. தில்லைநாதன் வரவேற்பறையில், போன் கையில் இருக்க, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டார்," என்றார். "ஒண்டும் செய்யேல்லை. ஒரு கெட்ட வார்த்தை கதைக்கேல்லை."

"போனை ஏன் எடுக்கேல்லை?"

"எடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

தாரிகா அறைக்குள் போனாள். ஒன்றும் உடையவில்லை. ஒன்றும் களவு போகவில்லை. அவள் விட்டுப்போன உடுப்புகள் எல்லாம் கட்டிலில் நிறவாரியாக, ஒரே அளவில் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. உள்ளாடைகளும் அப்படியே. ஷஹீமா பின்னால் வந்து பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்," என்று மெல்லச் சொன்னாள். பிறகு ஒரு உரப்பையை எடுத்து எல்லாவற்றையும் அதற்குள் திணித்தாள்.

அன்று பின்னேரமே அப்பாவும் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். இப்திகார் விவாகரத்து மனுவை எழுதத் தொடங்கினார். பொலிஸில் ஒரு முறைப்பாடும் பதிந்தார்கள். மடித்து வைத்தது குற்றமா என்று முறைப்பாடு எழுதியவர் கேட்கவில்லை, ஆனால் பேனையை நிறுத்தி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். தாரிகா நாலு கிழமை விடுமுறை எடுத்தாள். இருபத்திநாலாம் திகதி வரைக்கும்தானே என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். சுவர்க் கலண்டரில் ஷஹீமா அந்தத் திகதியை வட்டமிட்டு வைத்தாள். ராகுலனிடம் இருந்து ஒரு அழைப்பும் இல்லை. அப்பா தினமும் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஒருநாள் அவர் தானாகவே சொன்னார்: "நான் அந்தாளை வீட்டுக்குள்ள விட்டிருக்கக் கூடாது, பிள்ளை." தாரிகா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். 

இருபத்திரண்டாம் திகதி காலை அவளது போனுக்கு ஒரு குறுந்தகவல் வந்தது. தெரியாத உள்ளூர் இலக்கம்.

'விசா நீடிச்சுத் தந்திட்டினம். இன்னும் அஞ்சு மாசம் இருக்கலாம். கொட்டாஞ்சேனையில காத்து நல்லா வருதோ?'

அவள் அதை இப்திகாருக்கு அனுப்பினாள். அவர் உடனே திரும்ப எடுத்து, எதையும் அழிக்க வேண்டாம், வெளியே போக வேண்டாம், நான் வருகிறேன் என்றார். தில்லைநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிகளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எழும்பிப் போய், வீதியை எட்டிப் பார்க்காமல், முன்னறை யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அப்போது காலை பத்து மணிகூட ஆகியிருக்கவில்லை.