நல்லாத் தூங்கறார்

சில பேருக்குப் பேசப் பிடிக்காது. சில பேருக்குப் பேசாமல் இருக்க முடியாது. இந்த இரண்டு ரகத்தையும் பிடித்து ஒரே வீட்டில் போட்டவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். அந்த வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் மௌனச்சாமி என்று பெயர், சுருக்கமாகச் சாமி. காலையில் மெஷினை ஓடவிட்டால் சாயங்காலம் நிறுத்துகிறவரை வாயைத் திறக்க மாட்டார். அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடும், அந்தச் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்கும். பட்டறை ஆட்கள் அவளுக்குச் ‘சாமியோட ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமைதான்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, காதோரம் முடி எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு அவள் வாயால்தான் தெரியும். யாராவது கிண்டல் செய்தால், அவர் நெற்றியைப் பார்த்தாலே தனக்கு எல்லாம் விளங்கிவிடும் என்பாள். தூக்கத்தில் அவருக்கு நெற்றி சுருங்கும். சுருங்கினால் ஏதோ வலி, ஏதோ கவலை. முகம் தெளிந்திருந்தால் சுகம். கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்த கணக்கு அது, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதைச் சரிபார்த்ததில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவர்தான் மறுத்துப் பேசியதே இல்லையே.

அந்த வருஷம் அவருடைய கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை பிடித்தாள், மறுபடியும் பிடித்தாள், அதற்குப் பிறகும் தொளதொளவென்று நின்றது. மாப்பிள்ளை மாதிரி ஆகிக்கொண்டு வருகிறீர்கள், வேறு எவளாவது பார்த்துவிடப் போகிறாள் என்று கேலி செய்தாள். அவர் லேசாகச் சிரித்தார். வேலை முடிந்து வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவள் எட்டிப் பார்ப்பாள். நெற்றியில் ஒரு கோடு இருக்காது. பாவம், அலுப்பு என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவாள்.

கடைசியில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். வலி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொன்னது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். சாப்பாடுதான் இறங்கல. மத்தபடி குழந்தை மாதிரி நல்லாத் தூங்கறார்.”

டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். சாமி அதையும் மறுபேச்சில்லாமல் குடித்தார். ஒரு நாள் பட்டறையில் மெஷின் மேலேயே சாய்ந்து விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், குடலில் கட்டி என்கிற பேச்சு எல்லாம் வந்தது. வயிற்றைத் திறந்து குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த பெரிய டாக்டர், எடுக்க முடிந்ததை எடுத்தாகிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தையல்காரி அந்த டானிக் டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் கண்ணில் என்ன மண்ணா விழுந்திருந்தது என்று அழுதாள்.

மறுநாள் காலை வார்டு சிஸ்டர் வந்தாள். கரகரத்த குரல், கொண்டையில் ஒரு பேனா. வளவளவென்று பேசாமல் விஷயத்துக்கு வந்தாள். வலி மருந்து ஒரு சின்ன மெஷினிலிருந்து குழாய் வழியாக அவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. மெஷினிலிருந்து ஒரு வயர் நீண்டு, அதன் நுனியில் ஒரு பொத்தான். வலி கூடும்போது அதை அழுத்தினால் கொஞ்சம் மருந்து இறங்கும். வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே கெட்டிக்காரத்தனம் இல்லை என்றாள். வலித்தால் மூச்சை நன்றாக இழுத்து விட மாட்டீர்கள், இரும மாட்டீர்கள், சளி நெஞ்சில் தங்கிவிடும், அது தையலைவிடப் பெரிய வம்பு. ஒரு தலையணையை எடுத்து வயிற்றுக் கட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எப்படி இரும வேண்டும் என்று தானே இருமிக் காட்டினாள். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்கு மேல் தாங்காது.

“முக்கியமானது ஒண்ணு. இந்தப் பொத்தானை அவர் மட்டும்தான் அழுத்தணும். மருந்து அதிகமானா தூக்கம் வரும். தூங்கிட்டா கை தானா விட்டுடும், மேல மருந்து போகாது. அதுதான் காவல். வேற யார் அழுத்தினாலும் அந்தக் காவல் போச்சு.”

சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் தையல்காரி கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள்; தலையணை, எண், பொத்தான், காவல் எல்லாம். சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்களே அடுத்த வார்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம் என்றாள். அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். சாமி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு நடந்த தப்பு அவ்வளவுதான். பார்க்கப் போனால் அது ஒரு தப்பு மாதிரியே தெரியாது.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்தார். பொத்தான் போர்வை மேல் கிடந்தது. அவர் அதைத் தொடவே இல்லை என்பதை அவள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொடுவாரா அந்த மனுஷன்? விரலில் இரும்புத் தூள் ஏறிச் சீழ் வைத்தபோதும் சொல்லாதவர். தூக்கத்தில் நெற்றி சுருங்கியது. வேற யாரும் அழுத்தக் கூடாது என்றுதான் சிஸ்டர் சொன்னாள். அவள் என்ன வேற யாரோவா?

அழுத்தினாள். மெஷின் மெல்ல ஒரு சத்தம் போட்டது. சற்று நேரத்தில் நெற்றி லேசாகத் தளர்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். மறுபடி சுருங்கியது, மறுபடி அழுத்தினாள். பிறகு சுருங்குவதற்காகக் காத்திருக்கவும் இல்லை, முன்னெச்சரிக்கையாகவே அழுத்தினாள். ஒரு கையால் அவர் தலையைக் கோதிக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. இவ்வளவு நிம்மதியாக அவரைப் பார்த்ததே இல்லை என்று நினைத்தாள்.

சிஸ்டர் சுற்றி வந்தபோது அவள் வாயில் விரலை வைத்து, “நல்லாத் தூங்கறார்” என்று கிசுகிசுத்தாள்.

சிஸ்டர் அவர் மார்பைப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், நெஞ்செலும்பில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மூச்சு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்துகொண்டிருந்தது. பிறகு ஆட்கள் ஓடி வந்தார்கள். திரையை இழுத்தார்கள். தையல்காரியின் கையிலிருந்து அந்தப் பொத்தானை யாரோ பிடுங்கினார்கள். அதுவரை அது தன் கையில் இருந்ததே அவளுக்கு நினைவில்லை.

மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்கு நல்லது கெட்டது தெரியாது. மயக்கத்தை எடுக்கிறபோது வலி மருந்தின் பலனையும் சேர்த்து எடுத்துவிடும். சாமி கண்ணைத் திறந்தார், திறந்த வேகத்தில் கத்தினார். அவரிடமிருந்து அவள் ஒரு நாளும் கேட்டிராத சத்தம் அது. வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

சிஸ்டர் பிறகு அவளைத் தனியாக அழைத்துப் போனாள். திட்டப் போகிறாள் என்று அவள் நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். நான் அவரைக் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள், அவர் வாயிலிருந்து வர வேண்டியதை உங்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு நான் போய்விட்டேன், அது என் பிசகு என்றாள். சிஸ்டர் கண்ணும் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு அவரைத் தனி அறைக்கு மாற்றி, மருந்தின் அளவைக் குறைத்து மறுபடி மெஷினைப் போட்டார்கள். பொத்தானை அவர் கையிலேயே ஒரு நாடாவால் கட்டினார்கள். அவர் அழுத்தவில்லை. எண் எவ்வளவு என்று யார் கேட்டாலும் முதலில் மனைவி பக்கம் பார்ப்பார், பிறகு, “ஒண்ணுமில்ல” என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். இப்போது அவளும் பேசுவதில்லை. ரேடியோவை அணைத்தாகிவிட்டது. தலையணையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருமச் சொன்னால் தொண்டையைக் கனைத்துவிட்டு நிறுத்திவிடுவார். காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்துவிட்டது, இருமி எடுக்காவிட்டால் தொண்டையில் குழாய் போட்டு மெஷின் மூச்சில் வைக்க வேண்டிவரும், இந்த உடம்பு அதைத் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதலாம், ஊசி எழுதலாம், வலியே இல்லை என்கிறவருக்கு எவ்வளவு எழுதுவது?

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் சிஸ்டர் வந்து, அவளை வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள். கட்டு மாற்ற வேண்டும் என்றாள். கையில் கட்டுச் சாமான் எதுவும் இல்லை. அவள் எழுந்து கதவுக்கு வெளியே வந்தாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

சிஸ்டர் உள்ளே நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“ஐயா, அம்மா வெளிய போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க, எத்தனை?”

தையல்காரி பெஞ்சுக்குப் போகாமல் கதவோரமே நின்றாள்.

“எட்டு,” என்றார் சாமி. சற்றுப் பொறுத்து, “இருமினா பத்து.”

“அப்ப ஏன் சொல்லல?”

“அவ தாங்க மாட்டா. அன்னிக்கி நான் கத்தினதுலருந்து அவ சாப்பிடல.”

எதைப் பார்த்து உங்கள் வலியைக் கண்டுபிடிப்பது, நெற்றி சுருங்கினால் வலி என்று அம்மா சொல்கிறார்களே என்று சிஸ்டர் கேட்டாள். அவர் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, உடனே வலியில் அறுந்தது.

“அது சும்மா, சின்ன வயசுலருந்தே தூக்கத்துல அப்படித்தான். வலி வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். முகத்தை அப்படியே இறுக்காம விட்டு, தூங்கற மாதிரி படுத்துக்குவேன். அவ விளக்கை அணைச்சிட்டுப் போயிடுவா.”

“எத்தனை நாளா இப்படி?”

“போன வருஷத்துலருந்து. ராத்திரிதான் ஜாஸ்தி.”

தையல்காரி பெஞ்சைத் தேடி உட்கார்ந்தாள். டானிக் டாக்டரின் அறை கண் முன்னால் வந்தது. அந்த டாக்டர் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டார் என்பதும், யார் பதில் சொன்னது என்பதும் ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் வந்தன. இத்தனை நாளாகத் திட்டித் தீர்த்தது யாரை? அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு சாயங்காலமும் அவள் எட்டிப் பார்த்து நெற்றியில் கோடில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். பாவி, விளக்கை வேறு அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இடுப்பில் பிடித்துத் தைத்துத் தைத்துக் கேலி வேறு செய்திருக்கிறாள். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் உள்ளே கேட்கும், கேட்டால் அவர் மறுபடி ஒண்ணுமில்லை என்பார். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

உள்ளே சிஸ்டர் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். இந்த முறை அவரையே திருப்பிச் சொல்ல வைத்தாள். பேசிப் பழக்கமில்லாத அந்தக் குரல் தட்டுத் தடுமாறி, தலையணை என்றது, எண் என்றது, நான்தான் அழுத்தணும் என்றது. மெஷின் மெல்லச் சத்தம் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் இருமினார். அடிவயிற்றிலிருந்து வந்த, கேட்கவே பயமாக இருந்த இருமல். அவள் அந்த ஒவ்வொரு இருமலுக்கும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் குழாய் இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். கட்டியின் ரிப்போர்ட் வந்துவிட்டதாகவும், அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார். என்ன பேசுவார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அதை எழுதியதில் தனக்கும் பங்குண்டு என்று அவளுக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் சாமி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நெற்றியில் ஒரு கோடு இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரைக் கேட்டாள்.

“எத்தனைங்க?”

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் எவ்வளவு பிரியம் இருந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

“ஒண்ணுமில்ல,” என்றார்.

அவள் தலையாட்டினாள். போர்வையைச் சரி செய்தாள். எழுந்து போய், மருந்து மேசைக்கு முன்னால் நின்றிருந்த சிஸ்டரின் தோளைத் தொட்டாள்.

“சிஸ்டர், அவர் நல்லாத் தூங்கறார். கொஞ்சம் வந்து கேளுங்க.”

சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். தையல்காரி கதவை இந்த முறை முழுதாகச் சாத்திவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.