சூளை நின்ன பொறவும்

காத்துல தூசு எவ்ளோ இருக்குதுன்னு அளக்கற மெசினை நகராட்சிக்காரங்க எங்க வூட்டுச் செவுத்துலதான் மாட்டுனாங்க. பின்னாடியே பீங்கான் சூளை. அங்க களிமண் மாவு அரைச்சு அரைச்சுதான் எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு, கட்டில்ல கெடக்காரு. பச்சைன்னா நல்ல காத்து, செகப்புன்னா மோசம். செகப்புலயே நின்னா சூளையை மூடிடுவோம்னு நகராட்சியில இருக்கற அறிவழகன் தம்பி சொன்னாரு. மூடிட்டா இவரு பொழைச்சுக்குவாரு. எனக்கு வேற என்ன வேணும்?

செகப்புலயேதான் நின்னுது. மூடிட்டாங்க. தெருசனம் மொட்டை மாடியில துணி காயப்போட ஆரம்பிச்சுது. மெசினு மட்டும் செகப்புலேந்து மாறவே இல்ல.

ஆயுத பூசைக்கு நான் அதுக்கும் பட்டை போட்டு சூடம் காட்டியிருந்தேன். காத்து இழுக்கற ஓட்டையில வெள்ளையா அப்பியிருக்கறதைப் பாத்துட்டு, மெசினைச் சோதிக்க வந்த அறிவழகன் தலையில அடிச்சிக்கிட்டாரு.

"அக்கா, மெசினு மூக்குலயே விபூதியைப் பூசிட்டீங்களே!"

"பூசுனா என்ன, கொறைஞ்சா போயிடும்?"னு நானும் எகிறுனேன்.

தொடச்சிட்டுப் போனாரு. மறுநாளும் வெள்ளை. ஆத்தாடி, நான் கிட்டக்கூடப் போவலையே! விரல்ல தேச்சுப் பாத்தேன். விபூதி இல்ல. இவரு சட்டையில வருசக்கணக்கா நான் தொவைச்ச அதே மாவு.

அறிவழகனைத் திரும்ப வரச் சொன்னேன். "வூட்டுக்குள்ளதான் என்னமோ இருக்குதுக்கா"ன்னு மெசினைக் கழட்டி உள்ள கொண்டாந்தாரு. கட்டில்கிட்ட வர வர நம்பரு ஏறுச்சு. இவரு மூச்சை இழுத்தா நிக்குது, வுட்டா ஏறுது. தலகாணியில மெல்லிசா மாவு படிஞ்சிருந்துச்சு. காலையிலதான் உறை மாத்துனேன்.

அறிவழகன் மெசினைக் கட்டில்மேலயே வெச்சிட்டு, கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுனாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "மனுசன் மூச்சுடா அது! அதுக்குப் போயி மூக்கைப் பொத்துறியே!"ன்னு கத்திப்புட்டேன்.

இவரு கண்ணைத் தொறந்தாரு. "சூளை நின்னு போச்சா?"

"போச்சுங்க."

நெஞ்சைத் தொட்டுக் காட்டுனாரு. "அப்ப இது ஏன் இன்னும் எரியுது?"

வெந்நி கொண்டாரேன்னு அடுப்பங்கரைக்குப் போனேன். வாசல்ல நின்னு செல்லுல மெசினு நம்பரைப் பாத்துக்கிட்டிருந்த அறிவழகன் சந்தோசமா கூவுனாரு.

"அக்கா, பச்சைக்கு வந்துடுச்சு! காத்து சுத்தமாயிடுச்சு!"

கையில சொம்போட அங்கியே நின்னுட்டேன். உள்ள போவ மாட்டேன்னு காலு அடம் புடிச்சுது. பாவி மெசினே, செகப்பாவே இருந்து தொலைஞ்சா உனக்கு என்ன கொள்ளை?