எழுதிக் கொடுத்த ஞாயிறு

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, இருதயராஜ் தன் ஞாயிற்றுக்கிழமைகளை அருளகம் தர்ம ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். திண்டுக்கல் பக்கம் அப்போது பலரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். நிலம் இருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் கிழமையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை ஆஸ்பத்திரி மாதாமாதம் ஒரு தொகை தரும். அவர் காலத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டியதில்லை. கிழமை மட்டும் ஆஸ்பத்திரியிடமே இருக்கும். வயதானவர்களுக்குத் தொகை கூடுதல். எழுதிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது.

தனியார் மில்லில் பென்ஷன் ஏது? கைக்கு வந்த பி.எஃப். பணம் மகள் ஜெசிந்தாவின் கல்யாணத்தோடு கரைந்து போயிற்று. அவள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியபோது இருதயராஜின் கையில் மிச்சம் இருந்தது வாரத்தின் ஏழு நாட்கள்தான். எதைக் கொடுக்கலாம் என்று மனைவி பிலோமினாளைக் கேட்டார்.

"உங்க நாளு. நீங்களே பாத்துக் குடுங்க" என்றாள் அவள்.

அவர் காலமெல்லாம் டைம் ஆபீஸில் இருந்தவர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பதுதான் அவர் வேலை. அவருடைய பதிவேட்டில் ஞாயிறு என்பது மேலிருந்து கீழே இழுத்த வெறும் கோடு. அந்தக் கோட்டுக்குள் ஏதாவது இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கு மற்றக் கிழமைகளைவிட நல்ல தொகை தருவதாகச் சொன்னார்கள். மனிதர் யோசிக்கவே இல்லை.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை படுத்தால் திங்கட்கிழமை விழிப்பார். இடையில் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. திங்கள் காலையில் இட்லிக்கு முந்தின நாள் கறிக்குழம்பைச் சுடவைத்துத் தருவாள் பிலோமினாள். நல்லி எலும்பை அவருக்கென்று எடுத்து வைத்திருப்பாள். பழைய குழம்புக்குத்தான் ருசி என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பிலோமினாள் தனக்குத்தானே சிரித்தாள்.

"என்ன?" என்றார் இருதயராஜ்.

"நேத்து அழகுமலை அண்ணன் ஒண்ணு சொன்னாரு. அத நெனச்சேன்."

"யாரு அழகுமலை?"

"உங்க ஞாயித்துக்கெழமைக்கு வர்றவரு."

அழகுமலை நத்தத்துக்காரர், லாரி ஓட்டியவர். அவருடைய சொந்த நாட்கள் பங்குனியோடு முடிந்துவிட்டன. அப்படி நாள் முடிந்தவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி தர்மத்துக்கு வந்த கிழமைகளைக் கொடுத்துவந்தது. ஞாயிறு மட்டும் தனியாக வருமா? அதற்குள் இருப்பதெல்லாம் சேர்ந்துதான் வரும். கோயிலுக்கே போகாத அழகுமலை விடிந்ததும் இருதயராஜின் இடத்தில் உட்கார்ந்து பூசை கண்டார். கறிக்கடையில் நின்று தொடைக்கறி வாங்கினார். மத்தியானம் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிலோமினாளுக்கு நாக்பூர் ரோட்டுக் கதைகளைச் சொன்னார்.

"ஜெசிந்தா போன் போட்டாளா?"

"போட்டாளே. அவருகிட்டதான் ரொம்ப நேரம் பேசுனா. முழுகாம இருக்காளாம்."

இருதயராஜுக்கு வயிறு எரிந்தது. தாத்தா ஆகப்போகிற சேதி ஒரு லாரி டிரைவரின் காதுக்கு முதலில் போயிருக்கிறது. அதைவிட, இத்தனை வருஷத்தில் தன் பேச்சை மறுநாள் நினைத்து இவள் ஒருமுறையாவது சிரித்திருப்பாளா என்ற எண்ணம்தான் அவரை அரித்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டால் போதும் என்று தோன்றியது.

நவம்பரில், உயிரோடு இருப்பதைக் காட்ட ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பிரிசில்லா என்ற பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். இருதயராஜ் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒரு ஞாயிறு வேணும்மா. ஒண்ணே ஒண்ணு."

"குடுத்தத எடுக்க முடியாதுங்க சார். எடுத்தா அன்னிக்கு அழகுமலை சார் எங்க போவாரு?"

தன் வயிற்றெரிச்சலை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"வேணும்னா இன்னொரு கெழம குடுங்க. புதனுக்கு ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்ற பிரிசில்லா, "உங்க வீட்டம்மாகூட போன வாரம் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்களே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார். பிலோமினாள் மறைக்கவில்லை.

"ஆமா. திங்கள்லேருந்து சனி வரைக்கும் குடுத்துட்டேன்."

"ஆறு நாளுமா? ஏன்?"

"உங்கள மில்லுல மால போட்டு அனுப்பி வச்சாங்க. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து மூணு வேளையும் ஆக்கிக்கிட்டு இருக்கேன். எனக்கு யாரு மால போடுவா?"

"ஞாயிறு?"

"அது எனக்கு வேணும்."

"அப்ப நாம எப்பப் பாத்துக்கிறது?"

அவள் காபியை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். "இந்தச் சனிக்கெழம வரைக்கும் இருக்கேன்ல" என்றாள்.

அந்த வாரம் முழுக்க இருதயராஜ் அடுப்படியை விட்டு நகரவில்லை. பூண்டு உரித்தார். மில்லில் நடந்த வேடிக்கைகளை எல்லாம் யோசித்து யோசித்துச் சொன்னார். அவள் "ம்" கொட்டிக் கேட்டாள். சனிக்கிழமை காலையில் தானே கடைக்குப் போய்த் தொடைக்கறி வாங்கி வந்தார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமைக் கறி சனிக்கிழமைக் கறியாகத்தான் இருந்தது.

"திங்கக்கெழமன்னா எனக்கு முழங்கா வலிக்கும்" என்றாள் கை கழுவிவிட்டு. "வர்றவங்களுக்கும் வலிக்கும். தைலம் அலமாரில இருக்கு, எடுத்துக் குடுங்க. அவங்களுக்கு இடம் தெரியாது."

"சரி" என்றார். அவளைவிட்டுக் கண்ணை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை விழித்தபோது அடுப்படியில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மேடையில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுப்புக்கு முன்னால் ஒல்லியான ஓர் அம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நான் ராசாத்திங்க. திங்கக்கெழமைக்கு. நாளைக்கு வேற அம்மா வரும்."

இருதயராஜ் அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் தேய்த்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு, கறிக்குழம்பைச் சுடவைத்துப் பரிமாறினாள். நல்லி எலும்பு அதில் இருந்தது. அவர் அதைத் தட்டின் ஓரத்தில் தட்டி உறிஞ்சினார்.

"ராத்திரிக்கு என்ன வைக்கட்டும்?" என்று கேட்டாள் ராசாத்தி.

திங்கட்கிழமைகளில் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்.

"ரசம் போதும் பிலோமி."

"சரிங்க" என்றாள் அவள்.