நூற்றுக்கு நூறு தெரு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாத்திரைக்காரி, அவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுவாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பூச்சி மாத்திரையைக் கண் முன்னாலேயே மென்று விழுங்கவைத்து, "ஆ காட்டு" என்று நாக்குக்கடி வரை பார்த்துவிட்டுத்தான் அட்டையில் டிக் போடுவாள். எமனே வந்தாலும் அவளிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகணும்.

உலகத்தில் நாலைந்து பேரில் ஒருத்தர் வயிற்றில் புழு இருக்கிறதாம், பயிற்சியில் சொன்னார்கள். அவள் தெருவில் அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது, எல்லார் வயிற்றிலும் இருந்தது. கக்கூஸ் கிடையாது. சாக்கடை வாசலிலேயே ஓடுகிறது, பிள்ளைகள் அதில்தான் விளையாடுகின்றன. மாத்திரை போட்டால் புழு போகும். ஒரு மழை பெய்தால் திரும்பக் குடியேறும். அடச்சே, இதென்ன பிழைப்பு என்று அவளுக்குத் தோன்றாத நாளில்லை.

ஆனாலும் மாத்திரைக் கணக்கில் அவள் தெரு நூற்றுக்கு நூறு. கூட்டத்தில் மேலதிகாரி அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார். அந்த நூறில் ஒரு ஓட்டை இருந்தது, அதுவும் சொந்த அண்ணன் வீட்டில்.

அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. முதல் தடவை மாத்திரை கொடுத்த மறுநாள், மூக்கு வழியாக ஒரு புழு வந்தது, ஒரு சாண் நீளம். அண்ணி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "நல்லாயிருந்த புள்ள வயித்துல நீதான்டி பாம்ப விட்ட!" அடுத்த இரண்டு தடவையும் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். "அண்ணி, மாத்திரை புழுவக் கொண்டுவரல, விரட்டுச்சு" என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியும் அவள் பருப்பு வேகவில்லை. நூறு குறைந்தால் மானம் போகுமே என்று மாத்திரைக்காரி இரண்டு தடவையும் டிக் போட்டுவிட்டாள்.

ஒரு நாள் பிள்ளைக்கு வயிறு பானையாக உப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணி வராண்டாவில் அழுதுகொண்டு கிடந்தாள். விவரம் தெரிந்தவள் என்று இவள்தான் டாக்டர் முன்னால் நின்றாள். அவர் பிள்ளையின் அட்டையைக் கேட்டார், கொடுத்தாள்.

"போன மாசம்தான பூச்சி மாத்திரை போட்டிருக்கு? அப்ப புழு இல்ல. வேற ஏதோ கிருமி" என்று டிரிப் ஏற்றச் சொன்னார்.

உண்மை வாய்வரை வந்தது. வேலை போய்விடுமே, டாக்டருக்குத் தெரியாததா, ஊசியில் சரியாகிவிடும் என்று முழுங்கினாள். பாவி, ஒரு நாள் முழுக்க முழுங்கினாள்.

மறுநாள் காலை பிள்ளை வாந்தி எடுத்தது. கிண்ணத்தில் இரண்டு புழு நெளிந்தன. "அத்தே, இது என்ன?" என்றது பிள்ளை. அவள் ஓடிப்போய் டாக்டர் காலில் விழுந்தாள். "பொய் டிக் சார். கொடுக்கவே இல்ல சார்." அவருக்குத் திட்டக்கூட நேரமில்லை. வயிற்றைத் திறந்தபோது புழுக்கள் திரண்டு அடைத்து, குடல் அழுகிப்போயிருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

போய்விடும் என்று பயந்தாளே அந்த வேலை, அது போகவில்லை. அந்தத் தெருவுக்கு வேறு ஆள் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்கும் அவளையே அனுப்பினார்கள். ஒரு வீட்டிலும் பிள்ளையை வெளியே விடவில்லை. மூலை வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள்.

"ரெண்டு தடவை கொடுத்தேன்னு ஆஸ்பத்திரில அட்டைய நீட்டினது நீதான? மாத்திரை தின்ன புள்ளதான செத்துச்சு? எங்க புள்ளைங்களையும் அனுப்பணுமா?"

"கொடுக்கல அக்கா. பொய்யா டிக் போட்டேன். கொடுத்திருந்தா பொழச்சிருப்பா" என்று அழுதாள்.

"நாக்குக்கடி வரைக்கும் பாக்கிறவ பொய் டிக் போட்டாளாம்! யார் காதுல பூ சுத்துற?"

அண்ணி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. நீங்க கதவச் சாத்திட்டீங்கதான?" கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கதவைச் சாத்தியதால்தான் பிள்ளை போனது என்று பெற்றவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறாள்.

அண்ணி படியிறங்கி வந்தாள். "வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள். "நீதான்டி கொடுத்த."

மாத்திரைக்காரி அட்டைகளைப் பைக்குள் போட்டு மூடினாள். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகத் தாழ்ப்பாள் போட்டார்கள்.