எதிர்வீட்டான் முதலில் எழுந்திருக்கட்டும்

மனுஷன் எதற்காக ஞானம் தேடிப் போகிறான்? மனசு அடங்கணும், பிறவிப் பயனை அடையணும் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நம்ம வெடிக்காரருக்கு இருந்தது ஒரே காரணம். கோபத்தை விட்டால்தான் வீட்டுப் படி மிதிக்கலாம் என்று பெற்ற மகளே சொல்லிவிட்டாள்.

வெடிக்காரர் என்றதும் கல்குவாரியில் வெடி வைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் அணுகுண்டு செய்கிற கூடத்துக்கே தலைவராக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. குண்டுக்காக வைத்ததில்லை, அவருடைய கோபத்துக்காக வைத்தது. காகிதத்தை நேராக வைக்கவில்லை என்று ஒருத்தனைப் பிடித்து நாள் முழுக்கக் கத்துவார். நாட்டுக்காக உழைக்கிற மனுஷன், அப்படித்தான் இருப்பார் என்று எல்லோரும் சகித்துக்கொண்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகள் வீட்டோடு வந்து உட்கார்ந்தார். மகள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அவனுக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சாப்பிடும்போது, "ஏன் மாமா, நீங்க ஒரு குண்டு செய்ய, எதிரி நாட்டுல ரெண்டு செய்ய, நீங்க நாலு செய்ய... கடைசியில யாருக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டுத் தொலைத்தான். கேட்ட கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட இடம்தான் தப்பு. தட்டு பறந்தது, மாப்பிள்ளையின் புருவத்தில் தையல் போட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்த பேத்தி, அதற்கப்புறம் தாத்தா தொண்டையைக் கனைத்தாலே கட்டிலுக்கு அடியில்தான்.

"அப்பா, என் பிள்ளை இந்த வீட்டுல பயந்துக்கிட்டு வளரக் கூடாது," என்றாள் மகள். "தியான இல்லத்துல பேசிட்டேன். அங்க இருங்க. நீங்க மாறிட்டீங்கன்னு அந்தப் பொறுப்பம்மா எப்போ சொல்றாங்களோ, அப்போ நானே வந்து கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா வேண்டாம்ப்பா."

அவள் அழவில்லை, கத்தவில்லை. அதுதான் அவரைக் கலக்கிவிட்டது. பேத்தியை இனிமேல் பார்க்கவே முடியாதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தியான இல்லத்தில் யாரும் யாரோடும் பேசக் கூடாது. முகம் பார்த்துச் சிரிக்கக் கூடாது. காலையில் கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மணி அடித்ததும் எழுந்து சாப்பிடப் போகலாம். மணிக்கு அப்புறமும் உட்கார்ந்திருக்க விரும்புகிறவர்கள் தாராளமாக உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்படி உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகத் தாண்டிப் போவார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லா வினைக்கும் காரணம்.

வெடிக்காரர் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். கால் மரத்தது, முதுகு வலித்தது, மனசுக்குள் மாப்பிள்ளையைத் திட்டினார், மணி அடித்ததும் எழுந்து போய்ச் சாப்பிட்டார். எல்லோரையும் போல. அப்புறம் ஒரு நாள் செருப்பு வைக்கிற அலமாரி முன்னால் ஒருத்தன் குனிந்து நின்றான். அந்தக் காது மடலைப் பார்த்ததும் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எதிர்வீட்டான்!

எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டை இவர் அலுவலகத்தில் 'எதிர்வீடு' என்றுதான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பேசுவது ஒரே பாஷை, திட்டுகிற வார்த்தைகூட ஒன்றுதான். அந்தப் பக்கத்துக் குண்டுக் கூடத்துக்குத் தலைவன் எதிர்வீட்டான். அவன் போட்டோவைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தன் உத்தியோகக் காலம் பூராவும் முறைத்தவர் இவர். நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் அவன் எந்தக் கையால் காது சொறிவான் என்பதுவரை தெரியும். தியானத்துக்கு வருகிறவர்களை மட்டும் எல்லையில் தடுப்பதில்லை, அப்படி வந்து சேர்ந்திருக்கிறான்.

அவனும் நிமிர்ந்து இவரைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கும். விதியை மீறி லேசாகச் சிரித்தான்.

'சிரிக்கிறான் பாரு. நக்கல்!' என்று இவருக்கு உச்சந்தலைவரை ஏறியது. அவனுக்கும் வயசாகிவிட்டது, அவனுக்கும் வீட்டில் ஏதாவது தட்டு பறந்திருக்கும் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. இவனும் ஞானம் தேட வந்திருக்கிறான், நமக்கு முன்னால் அடைந்துவிடுவான் என்றுதான் தோன்றியது. ஞானம் என்றால் என்னவென்றே இவருக்குத் தெரியாது. எதிர்வீட்டான் அதை முதலில் தொடக் கூடாது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அன்றைக்கு மணி அடித்ததும் எதிர்வீட்டான் எழுந்திருக்கவில்லை. இவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. அவன் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தால் இவர் அதைவிடக் கூடுதலாக உட்கார்ந்தார். இவர் உட்கார்ந்ததைப் பார்த்து அவன் இன்னும் நீட்டினான். அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்தபிறகும் கூடத்தில் இரண்டு கிழங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டிருந்தன.

இவருடைய தொழில் புத்தி ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டில் பூமிக்கு அடியில் குண்டு வெடித்தால் இங்கே நில அதிர்வுக் கருவியில் முள் ஆடிக் காகிதத்தில் கிறுக்கும். அந்தக் கிறுக்கலைப் பார்த்து, எத்தனை பெரிய குண்டு என்று மேலே சொல்வது இவர் பொறுப்பு. குறைத்துச் சொல்லி மாட்டிக்கொண்டால் தலை போகும். கூட்டிச் சொன்னால் ஏன் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். அதனால் எப்போதும், 'ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று இரண்டு மடங்காகச் சொல்வார். மேலே இருப்பவர்கள் பதறிப்போய் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்யச் சொல்வார்கள். அது வெடிக்கும்போது எதிர்வீட்டான் தன் முள்ளைப் பார்த்து, அவன் பங்குக்கு இரண்டு மடங்காகச் சொல்வான். இப்படியேதான் இரண்டு நாடும் வளர்ந்தன.

அந்தப் புத்தி இங்கேயும் விடவில்லை. எதிர்வீட்டான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். 'பசியை ஜெயிச்சுட்டான்' என்று முடிவு கட்டி, இவர் முழுச் சாப்பாட்டையும் விட்டார். எதிர்வீட்டான் படியில் ஒவ்வொரு காலாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். 'நடையிலேயே தியானம் பண்றான்' என்று இவர் அதைவிட மெதுவாக இறங்கி, பின்னால் வந்த பத்துப் பேரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். தோட்டத்துப் பெஞ்சில் எதிர்வீட்டான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, வாயைத் திறந்து மூச்சுவிட்டான். இதைப் பார்த்ததும்தான் வெடிக்காரருக்கு நிஜமாகவே கலக்கம் வந்தது. 'இருதயத்துக்குள்ள போயிட்டான். இன்னும் ரெண்டு நாள்ல அடைஞ்சுடுவான்!' தானும் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெறுப்பில் பக்கத்துச் செடியைப் பிடுங்கிப் போட்டார்.

மகள் டாக்டர். அவள் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போயிருந்தால் ஒரே பார்வையில் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருப்பாள். இவருக்கா தெரியும்?

மறுநாள் காலை. மணி அடித்தது, எல்லோரும் போனார்கள். கூடத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல், காற்று மாதிரி வந்தது.

"முடியலைங்க. நெஞ்சை அடைக்குது. ரெண்டு பேரும் ஒண்ணா எழுந்துடலாமா?"

இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எதிர்வீட்டான் முகம் வெளுத்திருந்தது. நெஞ்சு அடைக்கிறபோதும் அந்தப் பாவிக்குத் தனியாக எழுந்துபோக மனசு வரவில்லை, அதையும் கவனியுங்கள்.

இவருக்கு நினைவு வந்ததெல்லாம் பேச்சுவார்த்தை மேஜைதான். இரண்டு நாடும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம் என்று எத்தனை தடவை பேசினார்கள்! ஒவ்வொரு தடவையும் நிறுத்தினதாகச் சொல்லிவிட்டு இவர் பக்கத்தில் ஒளித்துச் செய்தார்கள். நாமே ஒளித்தோமே, அவன் ஒளிக்காமல் இருப்பானா? நான் எழுந்ததும் இவன் திரும்ப உட்கார்ந்துகொள்வான். யார் காதில் பூச் சுற்றுகிறான்?

"நீ முதல்ல எழுந்திரு. நான் பாக்கறேன்," என்றார்.

"சேர்ந்து..." என்றான் அவன்.

"நீ முதல்ல."

பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பவும் ஓரக்கண்ணால் பார்த்தபோது எதிர்வீட்டான் தலை மார்பில் சாய்ந்திருந்தது, கை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. 'ஆழத்துக்குப் போயிட்டான்டா' என்று பதறி, இன்னும் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து அவர் முழங்காலைத் தாண்டிப் போகும்வரை உட்கார்ந்தார்.

பொறுப்பம்மா வந்து எதிர்வீட்டான் தோளைத் தொட்டாள். அவன் அப்படியே சாய்ந்து விழுந்தான். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

வெடிக்காரருக்கு முதலில் பயம் வரவில்லை, பாவமும் வரவில்லை. 'அப்பாடா, நான்தான் கடைசி' என்று வந்தது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் வந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுப் பொறுப்பம்மா பேச்சு விரதத்தைக் கலைத்தாள். "உக்காந்தபடியே போயிட்டார். வலி இல்லை, சத்தம் இல்லை. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது? அவர் அடைஞ்சுட்டார்." நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டானைக் கும்பிட்டார்கள். அவன் மகன் எல்லையைத் தாண்டி வந்து உடம்பை எடுத்துப்போகிறவரை கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். செத்தும் ஜெயித்துவிட்டான்! வெடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

பொறுப்பம்மா மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னது வேறு. "எதிரி நாட்டுக்காரர்னு தெரிஞ்சும் உங்கப்பா கடைசிவரைக்கும் அவர் பக்கத்துலேருந்து அசையலம்மா. துணைக்கு உக்காந்திருந்தார். இனிமே நீங்க தாராளமா கூட்டிட்டுப் போகலாம்."

மகள் காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தாள். பெட்டியை அவளே வாங்கிப் பின்னால் வைத்தாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள், பல வருஷத்துக்கு அப்புறம்.

"எனக்கு உங்களை நினைச்சா பெருமையா இருக்குப்பா. பாப்பாகிட்ட சொல்லிட்டேன். தாத்தாவுக்குப் படம் வரைஞ்சு வச்சிருக்கா."

இவர் கண் கலங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினால் போதும். வாயை மூடுவது இவருக்குப் புதுசா என்ன? கட்டின மனைவியிடம்கூடக் குண்டு ரகசியம் ஒன்றையும் மூச்சுவிடாத மனுஷன். கார்க் கதவில் கை வைத்தார்.

"அவரும் பெரிய மனுஷர்தான் இல்லப்பா?" என்றாள் மகள், சாவியைத் தேடிக்கொண்டே. "கொஞ்சம்கூட வலி இல்லாம, அப்படியே தியானத்துல அடைஞ்சு..."

பற்றிக்கொண்டு வந்தது இவருக்கு.

"எவன் அடைஞ்சான்? அவனா? அவன் ஒரு மண்ணும் அடையல! நெஞ்சு வலி வந்து செத்தான்! முடியல, எழுந்துடலாமான்னு என்கிட்ட கெஞ்சினான் தெரியுமா? நான் அசையல. கடைசிவரைக்கும் உக்காந்தது நான்!"

மகள் தேடுவதை நிறுத்தினாள்.

"கெஞ்சினாரா?"

"பின்னே? இந்தக் காதால கேட்டேன்."

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா? எப்போ?"

"மணி அடிச்சுக் கொஞ்ச நேரத்துல."

"அப்பா... பெரிய ஆஸ்பத்திரி அடுத்த தெருவுல இருக்கு. ஒரு குரல் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாரே. நீங்க என்ன பண்ணீங்க?"

"நீ முதல்ல எழுந்திருன்னு சொன்னேன். வேற என்ன சொல்வாங்க? அவன் எழுந்திருந்தா நானும் எழுந்திருப்பேன். குரலும் குடுத்திருப்பேன். நியாயத்தை நீயே சொல்லு, அவன் ஏன் எழுந்திருக்கல?"

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். நோயாளிக் குழந்தையின் பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவளுக்கு முகம் இப்படித்தான் ஆகும். அப்புறம் பின்பக்கம் போய்ப் பெட்டியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"பாப்பாகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன்ப்பா," என்றாள்.

"என்னடி இது? நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

மகள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் கிளம்பியது. தெரு முனைக்குப் போய் அங்கே நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கார்க் கண்ணாடியில் இவரைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். பெட்டியைக்கூட விட்டுவிட்டு நாலு எட்டு வைத்து, 'தப்புதாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால் ஒரு தடவை முன்னால் நகரக்கூடச் செய்தது.

'போறேன்னு போனவ அவதானே? அவளே முதல்ல திரும்பி வரட்டும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவளும் இவர் பெற்ற மகள்தானே. கார் ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் விளக்கு அணைந்து, முனை திரும்பிப் போய்விட்டது.